'சுமங்கலி' என்னும் ஒப்பந்தம்: திருப்பூர் ஆடைத்தொழில் வட்டாரமும் பெண்ணின் உடல்சார் தெரிவுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

கொங்கு வட்டார நூற்பாலைகளில் வழக்கிலிருந்த சுமங்கலித் திட்டம் பெரும்பாலும் கூலி, வேலைநேரம், கொத்தடிமை முறை ஆகிய தொழிலாளர் சிக்கல்களின் வரம்புக்குள் வைத்தே விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. அத்திட்டத்தின் பெயரையும் நிபந்தனைகளையும், தமிழக ஆடைத் தொழிற்சாலைகளில் 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்ட பெயரற்ற வலிநிவாரணி வழக்கத்தையும், மகப்பேற்று நலச்சட்டத்தின் நடைமுறை எல்லையையும் இக்கட்டுரை ஒருசேர வாசிக்கிறது. இம்மூன்றிலும் பெண்ணின் திருமணம், மாதவிடாய், கருவுறுதல் ஆகியவை உற்பத்தியின் கால அட்டவணைக்கு ஏற்ப ஒழுங்கு செய்யப்படுகின்றன. இதனைப் பெரியார் கர்ப்பத்தடை குறித்து முன்வைத்த அளவுகோலைக் கொண்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கம்.

திறவுச்சொற்கள்: சுமங்கலித் திட்டம், திருப்பூர், பின்னலாடைத் தொழில், இனப்பெருக்க உரிமை, கர்ப்பத்தடை, ஒப்புதல், சுயமரியாதை இயக்கம்.

முன்னுரை

திருப்பூரின் வளர்ச்சியை எழுதியவர்கள் அதனை உழைப்பால் உயர்ந்த ஆண்களின் வரலாறாகவே பெரிதும் எழுதினர். உழவுக்குடியிலிருந்து வந்து, பனியன் கம்பெனியில் கூலியாக நுழைந்து, முதலாளியாக உயர்ந்தவர்களின் கதை அது. சரத் சாரி 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட திருப்பூர் குறித்த ஆய்வுநூலுக்கு 'ஃபிரட்டர்னல் கேப்பிட்டல்' என்று பெயரிட்டார். உடன்பிறந்த ஆடவர்க்கிடையிலான உறவாக மூலதனம் அங்கு உருப்பெற்றதை அத்தலைப்பு குறிப்பாலுணர்த்துகிறது. இந்த வரலாற்றில் பெண்கள் கைமடிப்பவராகவும், பிசிர் வெட்டுபவராகவும், செக்கிங் மேசையில் நிற்பவராகவும், பின்னர் ஓவர்லாக் எந்திரத்தின்முன் அமர்ந்த டெய்லராகவும் இடம்பெறுகின்றனர். அவர்களுடைய விரல்கள் கணக்கில் வந்தன; உடல் வரவில்லை.

உடல் கணக்கில் வராமல் போனது மறதியால் மட்டும் நேர்ந்ததன்று. கூலியைத் தொழிலாளர் நலத்துறையும், கருவுறுதலை மக்கள் நல்வாழ்வுத் துறையும், திருமணத்தைச் சமூக நலத்துறையும் கையாள்கின்றன. ஆய்வாளர்களும் இப்பகுப்பைப் பின்பற்றுகிறோம். ஒரே பெண் காலை ஷிப்டில் தொழிலாளியாகவும், மாதத்தில் சில நாள் நோயாளியாகவும், மூன்றாண்டு முடிவில் மணமகளாகவும் மூன்று வெவ்வேறு கோப்புகளில் பதிவாகிறாள். இக்கோப்புகளை ஒன்றாக வைத்துப் படித்தால் கிடைக்கும் சித்திரம் யாது என்பதே இக்கட்டுரையின் வினா.

தொடக்கத்தில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்த வேண்டும். சுமங்கலித் திட்டம் திருப்பூர் நகரத்துப் பின்னலாடைக் கூடங்களைவிட, அவற்றுக்கு நூல் வழங்கும் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்ட நூற்பாலைகளில்தான் வேரூன்றியிருந்தது. பனியன் கம்பெனிகளில் உள்ளூர்க் குடும்பங்களும் நாள்தோறும் வந்துசெல்லும் சிற்றூர்ப் பெண்களும் மிகுதி. எனினும் நூலும் துணியும் ஒரே ஏற்றுமதிச் சங்கிலியின் கண்ணிகள். ஆதலால் 'வட்டாரம்' என இங்குச் சுட்டப்படுவது நகரத்தை மட்டுமன்று, அச்சங்கிலி முழுவதையுமாகும்.

பெயரின் பொருள்

சுமங்கலி என்பது கணவன் உயிரோடிருக்கும் பெண்ணைக் குறிக்கும் வடசொல். அதற்கு ஈடாகத் தமிழில் வாழ்வரசி, கட்டுக்கழுத்தி ஆகிய சொற்கள் வழங்குகின்றன. மூன்று சொற்களுமே பெண்ணின் நிலையை அவளது வயதாலோ தொழிலாலோ குணத்தாலோ சுட்டாமல், கணவனின் இருப்பால் சுட்டுகின்றன. மங்கலம் என்பது அவளுக்கு வெளியிலிருந்து வருவது. அவன் இறந்தால் நீங்கிவிடுவது.

1990களின் இறுதியிலும் அதனையடுத்த ஆண்டுகளிலும் நூற்பாலைகள் வளரிளம் பெண்களை வேலைக்குச் சேர்க்கப் பயன்படுத்திய திட்டத்துக்கு இப்பெயரே நிலைத்தது. திருமகள் திருமணத் திட்டம், மாங்கல்யத் திட்டம் என்றும் அது வழங்கியது. மணமாகாத பெண் ஏறத்தாழ மூன்றாண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்ய வேண்டும். ஒப்பந்தக் காலத்தை முழுமையாக முடித்தால் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை வழங்கப்படும். இடையில் நின்றுவிட்டால் அத்தொகை பெரும்பாலும் கிடைக்காது. நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ ஆய்வு நிறுவனமும் நெதர்லாந்து இந்தியக் குழுவும் இணைந்து 2011ஆம் ஆண்டிலும் 2014ஆம் ஆண்டிலும் வெளியிட்ட அறிக்கைகள் இந்நடைமுறையை உலக நாடுகளின் கவனத்துக்குக் கொண்டுசென்றன. அவ்வாறு சேர்க்கப்பட்டவர்களுள் தலித் குடும்பத்துப் பெண்கள் பெரும்பான்மையினர் என்பதும் வெளிப்பட்டது.

அவ்வறிக்கைகளுக்குப் பிந்தைய விவாதம் ஒப்பந்தத்தின் கூலிப் பகுதியிலேயே பெரிதும் நின்றது. மொத்தத் தொகை என்பது அவளுக்கு மாதந்தோறும் வர வேண்டிய கூலியின் நிறுத்திவைக்கப்பட்ட பகுதியே என்று அவ்விவாதம் சரியாகவே சுட்டியது. ஆயினும் கூலியை நிறுத்திவைக்க ஏன் திருமணம் என்னும் காரணம் தேவைப்பட்டது என்னும் வினா அதில் போதிய அளவு எழவில்லை. வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. அத்தடை இருக்கும் நாட்டில், சீர்வரிசைக்கும் நகைக்கும் பணம் சேர்த்துத் தருவதாக வெளிப்படையாக விளம்பரம் செய்து ஆளெடுக்க முடிந்தது. பெற்றோரின் அச்சத்துக்கும் ஆலையின் ஆள்தேவைக்கும் இடையில் அப்பெயர் பாலமாக நின்றமையே இதற்குக் காரணம். கையொப்பமிட்டவர் பெரும்பாலும் தந்தையோ தாயோதான். இடையில் நின்ற தரகர் ஊருக்கு அறிமுகமானவர். உடலைக் கொண்டு உழைக்கப்போகிறவளின் ஒப்புதல் இறுதியாகவே கேட்கப்பட்டது. அதுவும் ஏற்கெனவே முடிவான ஒன்றுக்கு.

ஒத்திவைப்பும் விடுதலையும்

இத்திட்டத்துக்கு ஆதரவாக முன்வைக்கப்படும் வாதம் ஒன்று கருதத்தக்கது. பதினாறு வயதில் மணமுடிக்கப்பட்டிருக்கக்கூடிய பெண் பத்தொன்பது வயதுவரை மணமின்றி இருக்கிறாள். முதல் மகப்பேறு தள்ளிப்போகிறது. கையில் பணமும் இருக்கிறது. இனப்பெருக்க நலம் என்னும் அளவுகோலால் இது முன்னேற்றமன்றோ என்பது அவ்வாதம். இதனை எளிதாகப் புறந்தள்ள இயலாது. ஆலைக்குச் சென்ற பெண்களுள் தம் வருமானத்தால் குடும்பத்தில் பேசும் உரிமை பெற்றவரும், விரும்பாத மணத்தைத் தள்ளிப்போட்டவரும் உண்டு.

இவ்வாதத்தை மதிப்பிடப் பெரியாரின் அளவுகோல் துணைசெய்கிறது. 1925ஆம் ஆண்டு ஈரோட்டிலிருந்து வெளிவரத் தொடங்கிய 'குடி அரசு' இதழின்வழி அவர் கர்ப்பத்தடையை வலியுறுத்தினார். 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில் அதற்கெனத் தனி இயலே உண்டு. மற்றவர்கள் கர்ப்பத்தடையை ஆதரிப்பதற்குக் கூறும் காரணங்களிலிருந்து தம் காரணத்தை அவர் அவ்வியலில் பிரித்துக்காட்டுகிறார். தாயின் உடல்நலம், குழந்தைகளின் வலிமை, குடும்பச் சொத்து, நாட்டின் வறுமை ஆகியவற்றை முன்னிட்டுப் பிறர் அதனைக் கேட்கின்றனர்; தாம் பெண்ணின் விடுதலையையும் தன்னுரிமையையும் முன்னிட்டுக் கேட்பதாக அவர் நிறுவுகிறார். செயல் ஒன்றே, நோக்கம் வேறு. நோக்கம் வேறாகும்போது முடிவெடுப்பவரும் வேறாகிறார் என்பதே இவ்வேறுபாட்டின் சாரம்.

இந்த அளவுகோலை ஆலை விடுதிக்குப் பொருத்தினால் வாதத்தின் குறை தெரிகிறது. அங்கு மணம் தள்ளிப்போவது உண்மை. ஆனால் எவ்வளவு காலம் என்பதை ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. அக்காலம் முடிந்ததும் மணமே அவளது அடுத்த நிலை என்பதையும் அதுவே தீர்மானித்துவிடுகிறது. மூன்றாண்டு முடிவில் அவள் படிக்கவோ, தொழிற்சங்கத்தில் சேரவோ, வேறோர் ஊருக்குச் செல்லவோ விரும்பக்கூடும் என்னும் எண்ணத்துக்குத் திட்டத்தின் பெயரில் இடமில்லை. ஒத்திவைப்பு அவளுடைய தெரிவாக இருந்திருந்தால் அதனை நீட்டிக்கவும் சுருக்கவும் கைவிடவும் அவளால் முடிந்திருக்கும்.

இவ்வேறுபாடு ஆலைக்கு மட்டும் உரியதன்று. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 1.8. கொங்குப் பகுதியில் கருவளம் மிக முன்னரே குறைந்தது. இதனைப் பெண்விடுதலையின் சான்றாகக் காட்டுவது வழக்கம். ஆனால் அதே ஆய்வில், மணமான பெண்களுள் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களின் அறுவையோ ஒரு விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. மாற்றுவழிகளிலிருந்து தேர்ந்தெடுத்த முடிவுக்கும், ஒரே வழி முன்வைக்கப்பட்டதால் ஏற்ற முடிவுக்கும் புள்ளிவிவரம் வேறுபாடு காட்டுவதில்லை.

விடுதியின் பூட்டு

ஆலை விடுதிகளில் வெளியே செல்லும் உரிமையும் தொலைபேசிப் பயன்பாடும் கட்டுப்படுத்தப்பட்டமை பல அறிக்கைகளில் பதிவாகியுள்ளது. நிருவாகங்கள் இதற்குப் பாதுகாப்பைக் காரணமாகக் கூறின; பெற்றோருள் பலர் அதனை விரும்பவும் செய்தனர். எதிலிருந்து பாதுகாப்பு என்று வினவினால் விடை இருவகைப்படும். ஒன்று வன்முறை, மற்றொன்று காதல். பின்னதே பூட்டுக்கு வலுச்சேர்த்தது.

இவ்வச்சம் இந்நிலத்தில் வெற்றுச்சொல்லன்று. திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, சாதி கடந்து மணம் புரிந்த சங்கர் என்னும் தலித் இளைஞர் கடைத்தெருவில் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். படுகாயமுற்றுப் பிழைத்த அவருடைய மனைவி கௌசல்யா பின்னர்ச் சாதி ஒழிப்புக் களத்தில் இயங்கலானார். அந்நிகழ்வு ஆலையில் நடந்ததன்று. ஆனால் ஒரு பெண் யாருடைய கருவைச் சுமக்கலாம் என்பதைச் சாதி தீர்மானிக்க முனையும் நிலத்தில்தான் ஆலை விடுதியும் எழுந்துள்ளது. குடும்பம் செய்யும் காவலை நிருவாகம் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு ஈடாக மிகைநேர உழைப்பு கிடைக்கிறது. பெண்ணின் இனப்பெருக்கத் தகுதியைப் பழுதின்றித் திருப்பித் தருவதும் ஒப்பந்தத்தின் எழுதப்படாத விதியாகிறது.

இன்று விடுதிகளில் தங்குவோருள் ஒடிசா, சார்க்கண்ட், பீகார் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்த பெண்கள் கணிசமானோர். மொழி அறியாத ஊரில் மருத்துவரிடம் தனித்துச் செல்ல இயலாத நிலை அவர்களுக்குப் பூட்டை இரட்டிப்பாக்குகிறது. உடன்வரும் விடுதிக் காப்பாளரே மொழிபெயர்ப்பாளராகவும் அமையும்போது, மருத்துவரிடம் கூறத்தக்கது எது, கூறத்தகாதது எது என்பதை அவருடைய இருப்பே வரையறுத்துவிடுகிறது.

பெயரற்ற மாத்திரை

தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை 2019 ஜூன் மாதத்தில் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி, தமிழக ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் ஏறத்தாழ நூற்றுவரின் கூற்றுகளை அடிப்படையாகக் கொண்டது. மாதவிடாய் வலி கண்ட பெண்களுக்கு, ஓய்வுக்கு மாற்றாக, பெயரோ உற்பத்தி விவரமோ இல்லாத மாத்திரைகள் பணியிடத்திலேயே வழங்கப்பட்டன; மருத்துவத் தகுதியுடையோர் அவற்றை வழங்கியது அரிது என்று அச்செய்தி வெளிப்படுத்தியது. மருத்துவர்கள் ஆராய்ந்தபோது அவை இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் எனத் தெரியவந்தது.

இங்கு இருவகை மிகைப்படுத்தலைத் தவிர்க்க வேண்டும். அம்மருந்துகள் நஞ்சல்ல; மாதவிடாய் வலிக்கு மருத்துவர்களே பரிந்துரைப்பவை. அதேவேளை, அளவறியாமல் வெறும் வயிற்றில் தொடர்ந்து உண்டால் இரைப்பைப் புண்ணும் சிறுநீரகச் சிக்கலும் தோன்றக்கூடும். கருவுற்ற காலத்தின் பிற்பகுதியில் அவை தவிர்க்கப்பட வேண்டியவை. எனவே சிக்கல் மாத்திரையில் இல்லை. உறையின் மீது பெயர் இல்லாமையில் உள்ளது. என்ன மருந்து, எவ்வளவு, எவ்வளவு நாள், கருவுற்றிருந்தால் என்ன செய்வது என்பவை தெரியாத நிலையில் ஒரு பெண் கைநீட்டி வாங்குவதை ஒப்புதல் என்று கூற இயலாது. தகவல் இன்றேல் தெரிவு இல்லை.

மாத்திரை நீக்கியது வலியை. காத்தது உற்பத்தி இலக்கை. மணிக்கு இத்தனை உருப்படி என்னும் கணக்கில் கழிப்பறைக்குச் செல்லும் நேரமும் குறைபாடாகிறது. மாதவிடாய் உடலின் இயல்பு என்பதிலிருந்து உற்பத்தியின் தடை என்பதாக மாறுகிறது. இப்போக்கின் கொடிய எல்லையை மகாராட்டிரத்தின் பீட் மாவட்டத்தில் காணலாம். கரும்பு வெட்டும் தொழிலாளர் குடும்பங்களில் ஒருநாள் வேலைக்கு வராவிடினும் ஒப்பந்தக்காரர் தண்டம் பிடிப்பதால், மாதவிடாயின் இடையூறே வேண்டாவெனப் பெண்கள் கருப்பையை அகற்றிக்கொண்டமை 2019ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அம்மாநில அரசு நடத்திய கணக்கெடுப்பில் அம்மாவட்டத்தில் மட்டும் 13,000க்கும் மேற்பட்ட பெண்கள் கருப்பை அகற்றப்பட்டவர்களாகக் கண்டறியப்பட்டனர். திருப்பூர் வட்டாரத்து மாத்திரைக்கும் பீட் மாவட்டத்து அறுவைக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. ஆயினும் உடலை வேலைக்கேற்பத் திருத்துவதா, வேலையை உடலுக்கேற்பத் திருத்துவதா என்னும் வினாவுக்கு இரு களங்களும் ஒரே விடையையே அளித்துள்ளன.

மகப்பேறும் பீஸ் ரேட்டும்

மகப்பேற்று நலச்சட்டம் (1961) அதன் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்வழி முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பையும், ஐம்பதும் அதற்கு மேற்பட்டும் பணியாளர் உள்ள நிறுவனங்களில் குழந்தைக் காப்பகத்தையும் வகுத்தது. இவ்வுரிமை 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இடம்பெற்றது. சட்டப்படி விடுப்புக்குத் தகுதிபெற, மகப்பேற்றுக்கு முந்தைய பன்னிரு திங்களில் 80 நாள் பணியாற்றியிருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. திட்டத்தின்கீழ்ப் பயன்பெறுவதற்கும் குறித்த காலத்தில் 70 நாள் சந்தா செலுத்தப்பட்டிருக்க வேண்டும்.

எண்பது நாள் என்பது ஒரே முதலாளியிடம் மாதச் சம்பளம் பெறுபவருக்கு எளிது. ஆர்டர் வரும்போது சேர்ந்து, ஆர்டர் முடிந்ததும் வேறு கம்பெனிக்கு மாறும் பீஸ் ரேட் டெய்லருக்கு உழைத்த நாள்கள் எண்பதைப் பன்மடங்கு கடந்திருக்கும். ஒரே பதிவேட்டில் அவை சேர்ந்திரா. ஒப்பந்தக்காரர் இடையில் நிற்கும்போது அவளுக்கு முதலாளி யார் என்பதே மறைந்துபோகிறது. எனவே கருவுற்ற பெண்ணை யாரும் பணிநீக்கம் செய்வதில்லை. அவள் தானாக 'நின்றுவிடுகிறாள்'. இவ்வட்டார வழக்கில் 'நின்றுவிட்டாள்' என்பது மிக இயல்பான சொல். சட்டமீறலுக்குச் சான்று வைக்காத சொல்லும் அதுவே. தொழிலாளர் பெருந்திரளாக வாழும் திருப்பூரில் 100 படுக்கைகள் கொண்ட இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பட்டதே 2019 பிப்ரவரியில்தான் என்பதையும் இதனோடு இணைத்து நோக்க வேண்டும்.

கருவைச் சுமக்கும் உரிமையும் சுமக்காதிருக்கும் உரிமையும் இங்கு ஒன்றையொன்று சார்ந்துள்ளன. குழந்தை பெற்றால் வேலை போகும் என்னும் நிலையில் செய்துகொள்ளும் கருக்கலைப்பு உரிமையின் வடிவில் தோன்றினாலும், அதன் உள்ளீடு நெருக்கடியே.

சட்டம் கேட்கும் ஒப்புதல்

ஒப்புதல் குறித்துச் சட்டம் ஆலையைவிடத் தெளிவாகப் பேசுகிறது. மருத்துவமுறைக் கருக்கலைப்புச் சட்டத்தின்படி (1971) பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்கு அவளுடைய ஒப்புதல் மட்டுமே போதும். கணவனின் கையொப்பத்தைச் சட்டம் கேட்கவில்லை. சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் (2009) உச்ச நீதிமன்றம் இனப்பெருக்கத் தெரிவை அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனிமனித உரிமையின் கூறாக ஏற்றது. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் கருத்தடை தோல்வியுற்ற நிலையைக் குறிக்குமிடத்தில் 'மணமான பெண், கணவன்' என்பவற்றுக்கு மாற்றாகப் 'பெண், இணையர்' என்னும் சொற்களைக் கொண்டுவந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், 20 முதல் 24 வாரக் கருக்கலைப்பு உரிமையில் மணமாகாத பெண்ணை விலக்குவது ஏற்புடையதன்று என உச்ச நீதிமன்றம் முடிவுசெய்தது.

ஆனால் இச்சட்டமும் முழுமையான தெரிவுரிமையை வழங்கவில்லை. கேட்டுப் பெறும் உரிமையாக அன்றி, மருத்துவர் நல்லெண்ணத்துடன் கருதினால் அனுமதிக்கப்படும் விதிவிலக்காகவே அது கருக்கலைப்பை வகுத்துள்ளது. மேலும், உரிமையைப் பயன்படுத்த விடுப்பும் தனிமையும் பயணமும் வேண்டும். வார நாளில் விடுதியைவிட்டு வெளியேறக் காரணம் எழுதித்தர வேண்டிய பெண்ணுக்கு, மந்தணம் காக்கும் சட்டப்பிரிவு மருத்துவமனை வாயிலில்தான் தொடங்குகிறது. வாயிலுக்கு வருவதற்குள் அவளது மந்தணம் மூவரைக் கடந்துவிடுகிறது.

பெயர் மாற்றம் காட்டும் வழி

பெயர்கள் மாறக்கூடியவை என்பதற்குத் தமிழக அரசின் திட்டமொன்றே சான்று. ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவ 1989ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய சுயமரியாதை இயக்கத்தவரின் பெயரில் மணஉதவி வழங்கப்பட்டதில் ஒரு முரண் இருந்தது. கல்வித் தகுதியை நிபந்தனையாக்கியதால் பெண்கல்விக்கு அத்திட்டம் உதவியது உண்மை. ஆயினும் கல்வியின் பரிசாகத் திருமணமே நின்றது. 2022ஆம் ஆண்டில் அது புதுமைப்பெண் திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வி பெறும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் நேரடியாக அவர்களுடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்படலாயிற்று. பணம் மணநாளுக்காகக் காத்திருப்பதில்லை. பெண்ணின் கைக்கே மாதந்தோறும் வருகிறது. சுமங்கலித் திட்டத்தின் அமைப்புக்கு இது நேரெதிரானது.

தொழிற்களத்திலிருந்தும் ஒரு மாற்று எழுந்துள்ளது. திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சார்ந்த திண்டுக்கல் ஆலையொன்றில் பணிபுரிந்த தலித் பெண் 2021 சனவரியில் கொல்லப்பட்டார். மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். அதனைத் தொடர்ந்து, பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையில் 2022ஆம் ஆண்டில் ஏற்பட்டதே திண்டுக்கல் உடன்பாடு. எச் அண்டு எம் நிறுவனமும் அதற்கு உட்பட்டு ஒப்பமிட்டது. பாலினம், சாதி சார்ந்த வன்முறையைப் பணியிடத்தில் கண்காணிக்கும் பொறுப்பைப் பயிற்சிபெற்ற பெண் தொழிலாளர்களிடமே அது ஒப்படைத்தது. மாதவிடாய், கருவுறுதல், மருந்து ஆகியவை குறித்த கண்காணிப்பும் இத்தகைய அமைப்பின் எல்லைக்குள் வர இயலும், வர வேண்டும்.

முடிவுரை

சுமங்கலித் திட்டம் மணத்தையும், பெயரற்ற மாத்திரை மாதவிடாயையும், 'நின்றுவிட்டாள்' என்னும் சொல் மகப்பேற்றையும் உற்பத்தியின் வசதிக்கேற்ப ஒழுங்குபடுத்தின. மூன்றிலும் பெண்ணின் ஒப்புதல் இருந்ததாகவே காட்ட முடியும்: அவள் வேலைக்கு வந்தாள், மாத்திரையை வாங்கினாள், தானே நின்றாள். ஒப்புதலின் தோற்றத்தை மட்டும் கண்டு நிறைவடையாமல், அதற்கு முன் அவளுக்குக் கிடைத்த தகவல் எது, மறுத்திருந்தால் அவள் இழந்திருக்கக்கூடியது எது என்று வினவுவதே ஆய்வின் கடமை.

இவ்வகையில் இனப்பெருக்க உரிமை மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் மட்டும் தீர்க்கப்படும் பொருளன்று. மாதந்தோறும் முழுக்கூலி, வலிக்கும் நாளில் இழப்பின்றி எழுந்து செல்லும் உரிமை, பெயர் எழுதிய மாத்திரை, உள்ளிருந்து திறக்கும் கதவு ஆகியவையும் அவ்வுரிமையின் கூறுகளே. கர்ப்பத்தடையை யாருக்காகக் கேட்கிறோம் என்று ஈரோட்டிலிருந்து எழுந்த வினா, ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருப்பூரில் இன்றும் விடையை எதிர்நோக்கி நிற்கிறது.